சாண்டனில் அலுவலகம் எடுக்கலாமா? வாடகைக்கு முன் ஷூரிட்டியைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். ஜோஹானஸ்பர்க்குக்கு வடக்கே மிட்ராண்டில் ஒன்பது பேரோடு மென்பொருள் கம்பெனி நடத்துகிறீர்கள். பெரிய வங்கி ஒன்று வாடிக்கையாளராகச் சேர்ந்திருக்கிறது. இனி ஜோஹானஸ்பர்க்கின் பெரிய வணிக வட்டாரமான சாண்டனில் முகவரி இருந்தால்தான் மதிப்பு என்று உங்கள் பங்குதாரர் சொல்கிறார். ஒரு புரோக்கர் 180 சதுர மீட்டர் இடம் காட்டியிருக்கிறார். வாடகை சதுர மீட்டருக்கு மாதம் 150 ரேண்ட். ஆப்பரேட்டிங் காஸ்டும் (கட்டடத்தின் பொதுச் செலவில் உங்கள் பங்கு) நகராட்சி ரேட்ஸும் (சொத்து வரி) சேர்த்து இன்னொரு 40 ரேண்ட். ஏழு கார் நிறுத்த இடம், ஒன்றுக்கு 950. ஐந்து வருட லீஸ், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு, மூன்று மாத டெபாசிட், இயக்குநர்கள் இருவரும் ஷூரிட்டி, அதாவது கம்பெனி கட்டாவிட்டால் சொந்தப் பணத்தில் கட்டுவோம் என்ற உறுதி. "வாடகை மலிவாகத்தான் தெரிகிறது, எடுத்துவிடலாமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரோக்கர் தந்த தாளில் இருக்கிறபடி எடுக்காதீர்கள். சாண்டன் தப்பான இடம் என்பதால் சொல்லவில்லை. ஒன்பது பேர் கம்பெனி தாங்கக்கூடியதைவிடப் பெரிய வாக்குறுதியை அந்தத் தாள் உங்களிடம் கேட்கிறது. இருபது வருடமாக ஜோஹானஸ்பர்க்கில் கட்டட நிர்வாகக் கணக்குப் பக்கம் வேலை பார்க்கிறேன். குடியேறுகிறவர்கள் வாடகைக்குப் பேரம் பேசுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வருடங்களுக்கும் ஷூரிட்டிக்கும் பேரம் பேசியவர்கள் ரொம்பக் குறைவு.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 180 சதுர மீட்டருக்கு வாடகை 27,000. ஆப்பரேட்டிங் காஸ்ட் 7,200. பார்க்கிங் 6,650. கூட்டினால் 40,850. இதன் மேல் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 6,127. ஆக, மின்சாரம், இன்டர்நெட், துப்புரவு எதையும் சேர்க்காமலே மாதம் 47,000 ரேண்டுக்கு வந்துவிட்டது. உங்கள் மனதில் இருப்பது 27,000. வாட் பதிவு இருந்தால் அந்த 15 சதவீதத்தைத் திரும்பப் பெறலாம், இல்லாவிட்டால் அது முழுச் செலவு. இங்கே வணிக இடங்களுக்கு வாடகை சொல்லும்போது வாட் சேர்க்காமல்தான் சொல்வார்கள். அதனால் யார் எந்த எண் சொன்னாலும் "வாட் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று உடனே கேட்டுவிடுங்கள்.

இப்போது எட்டு சதவீதத்துக்கு வருவோம். வாடகை, ஆப்பரேட்டிங் காஸ்ட், பார்க்கிங் எல்லாமே அதே விகிதத்தில் ஏறினால் ஐந்தாம் வருடம் அந்த 40,850 என்பது 55,576 ஆகிவிடும். வாட் சேர்த்தால் மாதம் சுமார் 63,900. ஐந்து வருடத்துக்கும் மொத்தமாக, வாட் இல்லாமல், சுமார் 28.76 லட்சம் ரேண்ட். நீங்கள் கையெழுத்துப் போடப்போவது இந்த எண்ணுக்குத்தான். மாதம் 27,000 என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமே மிஞ்சும். அதே கணக்கில் எட்டை ஆறாக்கிப் பாருங்கள், 1,12,500 ரேண்ட் குறைகிறது. முதல் நாள் வாடகையில் சதுர மீட்டருக்கு ஒன்பது ரேண்ட் குறைத்தால் எவ்வளவு மிச்சமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. உரிமையாளர்கள் வாடகை எண்ணைக் குறைக்க லேசில் சம்மதிக்க மாட்டார்கள், அந்த எண்தான் கட்டடத்தின் மதிப்பைக் காட்டும், பக்கத்து ஆபீஸ்காரருக்கும் காதில் விழும். எஸ்கலேஷனில், அதாவது ஆண்டு உயர்வில், இறங்கி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்த 180. ஒன்பது பேருக்கு 180 என்றால் ஆளுக்கு இருபது சதுர மீட்டர். ஒரு மீட்டிங் அறை, சின்ன சமையலறை எல்லாம் சேர்த்தாலும் உங்களுக்கு நூறு, நூற்றுப்பத்து போதும். "வளர்ந்தால் தேவைப்படும்" என்று புரோக்கர் சொல்வார். வளர்ந்த பிறகு வளர்ந்த பணத்தில் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, இந்த ஊரில் வாடகைக்குரிய பரப்பு என்று எழுதுவதில் உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பது மட்டும் வராது. லாபி, மாடி நடைபாதை, கழிப்பறை போன்ற பொது இடங்களில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். அது முறைப்படி செய்வதுதான், ஏமாற்று இல்லை. ஆனாலும் உள்ளே எத்தனை, பொதுவில் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். பெரிய லாபி, கண்ணாடி, நீரூற்று வைத்த கட்டடங்களில் உள்ளே கிடைக்கிற இடம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும்.

புரோக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே புரோக்கர் கமிஷன் கட்டட உரிமையாளர் தருவது, நீங்கள் தர வேண்டியதில்லை. அந்தக் கமிஷன் லீஸின் மொத்த மதிப்பில் கணக்காகும். வருடம் கூடினால் அவருக்கும் கூடும். அதனால் ஐந்து வருடம் எடுக்கச் சொல்லி அவர் வற்புறுத்துவதில் வியப்பில்லை. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் சொல்வதை அந்தக் கோணத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அவரிடம் புரோக்கர் தொழிலுக்கான, செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். சட்டப்படி அது இல்லாமல் அவர் தொழில் செய்யக்கூடாது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஷூரிட்டி.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பிப்பதே, கம்பெனி கடன் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகத்தான். ஷூரிட்டிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே, அந்த லீஸைப் பொறுத்தவரை, அந்தச் சுவர் இடிந்துவிடுகிறது. உரிமையாளர் கேட்பதிலும் நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. இரண்டு வருடக் கம்பெனி, சொத்து என்று ஒன்பது லேப்டாப். அவர் யாரை நம்புவார்? ஆனால் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தொகை வரம்பு இருக்காது, லீஸ் முழுவதற்கும் பொறுப்பு. "எக்ஸ்கஷன்", "டிவிஷன்" என்று இரண்டு சலுகைகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருக்கும். முதலாவதை விட்டுக்கொடுத்தால், கம்பெனியிடம் முதலில் வசூலித்துப் பார்க்காமலே நேராக உங்களிடம் வரலாம். இரண்டாவதை விட்டுக்கொடுத்தால், பங்குதாரர் இருவர் இருந்தாலும் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். பங்குதாரர் நாளைக்கே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்குக் குடிபெயர்ந்தாலும் நீங்கள் இங்கே தனியாக நிற்க வேண்டியதுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று, நம்ம ஊர்க்காரர்கள், வடக்குப் பக்கம் நல்ல கட்டடத்தில் பயிற்சி நிலையம் நடத்தினார்கள். லீஸ் எடுக்கும்போது கணக்கு பார்த்துக் கொடுத்தது நான்தான். வாடகை நியாயமானது என்று சொன்னேன், அதில் தப்பில்லை. ஷூரிட்டிப் பக்கத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2020 மார்ச் 26 நள்ளிரவு ஊரடங்கு வந்தது. நேரில் நடக்கும் வகுப்புகள் நின்றன. சில மாதம் தள்ளுபடி கிடைத்தது, அப்புறம் அதுவும் நின்றது. லீஸில் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி. கம்பெனியை மூடினால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். கடிதம் வீட்டு முகவரிக்கு, ஷூரிட்டி போட்டிருந்த அந்த வீட்டு அம்மா பெயருக்கு வந்தது. கடைசியில் குடியிருந்த வீட்டை விற்றுத்தான் கணக்கைத் தீர்த்தார்கள். அன்றிலிருந்து யார் என்னிடம் லீஸ் கொண்டுவந்தாலும் முதலில் ஷூரிட்டி இருக்கும் பின்பக்கத்தைத்தான் புரட்டுகிறேன்.

ஆகவே இப்படிக் கேளுங்கள். வரம்பில்லா ஷூரிட்டி வேண்டாம், ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகை வரை மட்டும் பொறுப்பேற்கிறோம் என்று. மாதம் தவறாமல் கட்டினால் இரண்டு வருடம் கழித்து ஷூரிட்டி விலகும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். அல்லது ஷூரிட்டிக்குப் பதிலாக டெபாசிட்டைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லுங்கள். ரொக்கமாகத் தராமல் வங்கி உத்தரவாதமாகத் தந்தால், பணம் உங்கள் பெயரிலேயே வங்கியில் கிடந்து வட்டி தரும். குடியிருப்பு வாடகைக்கு டெபாசிட் மீது வட்டி தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வணிக வாடகைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, லீஸில் எழுதினால்தான் உண்டு.

"இருபது வேலை நாள் நோட்டீஸ் கொடுத்தால் எந்த லீஸையும் முறித்துக்கொள்ளலாமே" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பி இறங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அது. இரண்டு பக்கமும் கம்பெனியாக இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. உங்கள் லீஸில் கம்பெனிக்கும் கம்பெனிக்கும்தான் ஒப்பந்தம். வெளியேறும் வழி வேண்டும் என்றால் நீங்களே அதை எழுதி வாங்க வேண்டும். மூன்றாம் வருட முடிவில் ஆறு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்றோ, உரிமையாளர் நியாயமான காரணமில்லாமல் மறுக்க முடியாதபடி உள்வாடகைக்கு விடலாம் என்றோ. ஒன்று மட்டும் ஆறுதல், நடுவில் கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளர் உங்களை வெளியேற்ற முடியாது. இந்த நாட்டுப் பொதுச் சட்டத்தில் விற்பனையைவிட வாடகை ஒப்பந்தம்தான் முந்தி நிற்கும்.

உள்ளே சுவர் எழுப்ப, தரைவிரிப்பு போட, கேபிள் இழுக்க உரிமையாளர் தரும் தொகையை இங்கே டி.ஐ. என்பார்கள். நீண்ட லீஸுக்குக் கூடுதலாகத் தருவார்கள். கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டார்கள். நடுவில் வெளியேறினால் அதில் மிச்சப் பங்கைத் திரும்பக் கேட்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். வேலை நடக்கும் ஒரு மாதமோ இரண்டு மாதமோ வாடகை இல்லாமல் சாவி வாங்கிக்கொள்வதும் வழக்கம்தான். லீஸ் முடியும்போது நீங்கள் எழுப்பிய சுவரை இடித்து பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். முடிந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதல் நாளே எல்லா மூலையையும் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

ஆப்பரேட்டிங் காஸ்ட் என் தொழில் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்த 40 ரேண்டில் பாதுகாப்பு, லிஃப்ட் பராமரிப்பு, பொது இடத் துப்புரவு, காப்பீடு, மேலாண்மைக் கட்டணம் வரும். சாண்டன் நடுப்பகுதியில் தெருவைப் பராமரிக்கிற மேம்பாட்டு மாவட்ட அமைப்புக்கான லெவியும் (கூடுதல் கட்டணம்) வரலாம். நகராட்சிக் கட்டணங்கள் வருடா வருடம் ஜூலை 1 அன்று ஏறும். சொத்து மதிப்புப் பட்டியல் புதிதாக வரும்போது ரேட்ஸ் ஒரேயடியாகத் தாவும். ஜோஹானஸ்பர்க்கில் 2023 ஜூலையில் அப்படி ஒரு பட்டியல் அமலுக்கு வந்தது, அந்த வருடம் என் மேசையில் வந்து குவிந்த புகார்க் கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. எட்டு சதவீதத்துக்கு மேல் ரேட்ஸ் ஏறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது? பெரும்பாலும் வாடகைதாரர் என்றுதான் லீஸில் இருக்கும். கடந்த மூன்று வருட ஆப்பரேட்டிங் காஸ்ட் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நிர்வாகம் ஒரே நாளில் அனுப்பிவிடும். இழுத்தடித்தால் அதுவே உங்களுக்குத் தகவல்.

மின்சாரத்தில் ஒரு விசேஷம். சாண்டனின் பெரும்பகுதிக்கு நகராட்சியின் சிட்டி பவர் மின்சாரம் தருவதில்லை, நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காம் நேரடியாகத் தருகிறது. லோட்ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு 2023இல் படுத்திய பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். லிஃப்டுக்கும் லாபிக்கும் மட்டுமா, உங்கள் மேசை விளக்கு, ஏசி, சர்வர் வரைக்குமா? டீசல் செலவு ஆப்பரேட்டிங் காஸ்டுக்குள்ளா, தனி பில்லா? தண்ணீர்த் தொட்டியும் கேளுங்கள். இந்த நகரத்தில் இப்போது மின்வெட்டைவிடக் குழாய் வறண்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நாட்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன.

தீப்பாதுகாப்பை யாரும் கேட்பதில்லை. 2018 செப்டம்பரில் நகர மையத்தில் அரசு அலுவலகங்கள் இருந்த பேங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடம் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம் நான் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவசரப் படிக்கட்டில் ஒருமுறை இறங்கிப் பார்க்கிறேன். நீங்களும் இறங்கிப் பாருங்கள். கதவுகள் திறக்கின்றனவா, வழியில் பழைய நாற்காலி அடுக்கியிருக்கிறார்களா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி முகவரி. உங்கள் பங்குதாரர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர், நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய லெனேசியாவில் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய அப்பா தலைமுறைக்கு இந்த நகரத்தில் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்பதையெல்லாம் 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம்தான் தீர்மானித்தது. 1991 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1952இல் மண்டேலாவும் அவருடைய தோழர் ஆலிவர் டாம்போவும் வழக்கறிஞர் அலுவலகம் திறந்தபோது, ஃபாக்ஸ் தெருவில் இந்தியருக்குச் சொந்தமான சான்சலர் ஹவுஸில்தான் இடம் கிடைத்தது. கறுப்பினத்தவர் அலுவலகம் வாடகைக்கு எடுக்கக்கூடிய கட்டடங்கள் அன்றைக்கு நகரத்தில் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அதற்கும் அனுமதிச் சிக்கல். அப்படிப்பட்ட ஊரில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த சாண்டனில் தன் கம்பெனிப் பெயர்ப் பலகையைப் பார்க்க அவர் ஆசைப்படுவதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். நானும் நீங்களும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அந்த ஆசையின் கனம் நமக்கு உடனே பிடிபடாது. அவரிடம் பேசும்போது அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

ஆனால் வங்கி எதைப் பார்க்கும்? வரி ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் PIN எண், பி.இ.இ. (கறுப்பினத்தவர் பொருளாதார மேம்பாட்டுச் சட்டம்) ஆவணம், காப்பீடு, தகவல் பாதுகாப்பு. ஆண்டு வருமானம் 1 கோடி ரேண்டுக்குள் இருந்தால் பி.இ.இ.க்கு உறுதிமொழிப் பத்திரமே போதும். உங்கள் பங்குதாரர் இங்கேயே பிறந்த குடிமகன் என்பதால் அவருடைய பங்கு கறுப்பினத்தவர் உரிமையாகக் கணக்கில் வரும் (அந்தச் சட்டத்தில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அந்த வகையில்தான்), 1994க்குப் பின் வந்த உங்கள் பங்கு வராது. பங்கு விகிதத்தை யோசித்து அமைத்திருக்கிறீர்களா என்பது, எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்பதைவிட அந்த வங்கிக்கு முக்கியம். கூட்டங்களும் பெரும்பாலும் அவர்கள் இடத்தில்தான் நடக்கும். மிட்ராண்டிலிருந்து கௌட்ரெய்ன் என்ற வேக ரயிலில் ஏறினால் நடுவில் மார்ல்போரோ ஸ்டேஷன் ஒன்றுதான், அடுத்தது சாண்டன். ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தால் பெரிய அலுவலகங்கள் பல நடக்கும் தூரத்தில்தான்.

பேரத்துக்குக் காலம் உங்கள் பக்கம்தான். 2000இல் பங்குச் சந்தை நகர மையத்தின் டயகனல் தெருவை விட்டு சாண்டனுக்கு வந்ததும், 2010இல் கௌட்ரெய்ன் வந்ததும் அந்த வட்டாரத்தில் கட்டடத்துக்கு மேல் கட்டடமாக எழுப்பினார்கள். கொரோனாவுக்குப் பின் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்க, பல மாடிகள் காலியாயின. ஒருமுறை மாலை ஆறரைக்கு மேல் ரிவோனியா சாலையில் போய், உங்களுக்குக் காட்டிய கட்டடத்தில் எத்தனை மாடியில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். எரியாத மாடிகள் எல்லாம் காலி என்று அர்த்தமில்லை, ஆனால் பகலில் லாபியிலிருக்கும் பெயர்ப் பலகையோடு ஒப்பிட்டால் ஓரளவு பிடிபடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். மிட்ராண்டில் இருக்கிற இடத்தை விட்டுவிட மாட்டேன். சாண்டனில் மாத வாடகைக்குக் கிடைக்கும் சர்வீஸ் ஆபீஸில் நான்கு மேசை, மீட்டிங் அறை வசதியோடு ஒரு வருடத்துக்கு எடுப்பேன். சதுர மீட்டர் கணக்குப் போட்டால் அது விலை அதிகம்தான், ஆனால் அதற்கு வீட்டைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. முகவரி கிடைக்கும், பெயர் பலகையில் வரும், மெல்ரோஸ் முருகன் கோயிலும் பக்கம். வங்கி ஒப்பந்தம் இரண்டாம் வருடம் புதுப்பித்தால் அப்போது நூறு சதுர மீட்டர் தேடலாம்.

அது வேண்டாம், சொந்தக் கதவுதான் வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தால், அதே உரிமையாளரிடம் சின்ன அலகு கேளுங்கள். மூன்று வருடம், ஆறு சதவீதம், வரம்புள்ள ஷூரிட்டி. புதுப்பிக்கும் உரிமையை எத்தனை மாதம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று பார்த்து, அந்தத் தேதியை இருவர் போனிலும் போட்டு வையுங்கள், ஒரு நாள் தவறினாலும் உரிமை போய்விடும். வணிக லீஸ் பார்க்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று கேட்டதில் இரண்டு கிடைத்தால் எடுக்கலாம், அந்த இரண்டில் ஒன்று ஷூரிட்டியாக இருக்க வேண்டும். லீஸ் நகல் வந்ததும் பெயர், வங்கி எண்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், ஆப்பரேட்டிங் காஸ்ட் பக்கத்தை நானே பார்த்துச் சொல்கிறேன்.